டாக்வுட் வெக்கப் போறீங்களா? மொதல்ல வீட்டச் சுத்தி நிழல் எங்க விழுதுன்னு பாருங்க

நார்த் கரோலினாவுக்கு குடி வந்த நம்மாளுங்க பல பேரு மொத ஏப்ரல்லயே இந்த மரத்துல மயங்கிடறாங்க. மார்ச் கடைசில காடு இன்னும் மொட்டையா நிக்கும்போது, பெரிய மரங்களுக்கு அடியில தரைக்கு ரெண்டாளு ஒசரத்துல வெள்ள வெள்ளையா தட்டு தட்டா அடுக்கி வெச்ச மாதிரி பூத்து நிக்குமே, அதுதான் ஃப்ளவரிங் டாக்வுட், கார்னஸ் ஃப்ளோரிடா. இந்த மாநிலத்தோட பூவா இத 1941லயே அறிவிச்சுட்டாங்க, பக்கத்து வர்ஜீனியாவுக்கு இதுதான் மாநிலப் பூவும் மாநில மரமும், மிசௌரிக்கும் மாநில மரம் இதுதான். வீடு வாங்கின கையோட எல்லாரும் ஒரு கன்னு வாங்கிட்டு வந்து வீட்டு முன்னாடி புல்வெளி நடுவுல, நல்லா வெயில் அடிக்கற எடமா பாத்து வெக்கறாங்க. ரெண்டு மூணு கோடையில அது இலை சுருங்கி, பட்டை வெடிச்சு, ஒவ்வொரு கிளையா காஞ்சு போகுது, அப்புறம் "டாக்வுட் ரொம்ப நோயாளி மரம்ங்க, வெக்காதீங்க"ன்னு அடுத்தவங்களுக்கும் சொல்லிடறாங்க. எனக்கு இதக் கேக்கும்போதெல்லாம் மனசு கஷ்டமா இருக்கும். மரம் நோயாளி இல்லைங்க, அத நிறுத்தின எடம்தான் அதுக்கு ஒத்துக்கல.

நாங்க சேப்பல் ஹில் பக்கம் இருக்கோம். வீடு வாங்கும்போது முன்னாடி ஒரு பிராட்ஃபோர்டு பேர் மரம் இருந்துச்சு, இந்த ஊர்ல ஒரு காலத்துல தெருவுக்கு தெரு வெச்ச மரம், பூ வெள்ளையா அழகாத்தான் இருக்கும் ஆனா நாத்தம் தாங்க முடியாது, கிளையெல்லாம் ஒரே எடத்துல இருந்து கிளம்பறதால காத்தடிச்சா பொளந்துக்கும், அதோட பறவைங்க விதைய தூக்கிட்டுப் போய் காட்டுல போட்டு அங்க முள்ளு முள்ளா புதராட்டம் பரவிடுது. சவுத் கரோலினால 2024 அக்டோபர்ல இருந்து அத விக்கவே தடை. எங்க மரம் ஒரு புயல் மழைல ரெண்டா பொளந்து கார் நிறுத்தற எடத்துல விழுந்துச்சு. வெட்டி எடுத்தோம். நார்த் கரோலினால பிராட்ஃபோர்டு பேர வெட்டினா, வெட்டினதுக்கு போட்டோ காட்டினா, இந்த மண்ணு மரக்கன்னு இலவசமா குடுக்கற ஒரு திட்டம் 2022ல இருந்து நடக்குது. அதுல எங்களுக்கு ஒரு ரெட்பட் கிடைச்சுது, அத கொல்லப் பக்கம் வெச்சுட்டோம். டாக்வுட்ட மட்டும் நாங்களே பாத்து வாங்கணும்னு இருந்தேன்.

வாங்கறதுக்கு முன்னாடி நான் பண்ணின வேலை ஒண்ணே ஒண்ணுதான். காட்டுக்குள்ள போய் அது தானா எங்க மொளச்சு நிக்குதுன்னு பாத்தேன். இங்க நடைபாதை போட்ட காடு நெறைய இருக்கு, ஞாயித்துக்கிழமை நடக்கப் போறப்ப கவனிச்சீங்கன்னா தெரியும், டாக்வுட் எப்பவும் பெரிய ஓக், ஹிக்கரி, டூலிப் பாப்லர் மரங்களோட அடியிலதான் நிக்குது, அதுலயும் காடு முடிஞ்சு வெளிச்சம் ஆரம்பிக்கற ஓரத்துல நிக்கறதுதான் ரொம்ப பூத்திருக்கும். நடுக்காட்டு இருட்டுல நிக்கறது உயிரோட இருக்கும் ஆனா பூ அங்கொண்ணு இங்கொண்ணுதான். வேர் ஆழமா போறதில்ல, மேல் மண்ணுலயே பரந்து கெடக்கும், அதுக்கு மேல வருஷா வருஷம் விழுந்த இலைச் சருகு மெத்தையா மூடியிருக்கும். இத ஒரு தடவ கண்ணால பாத்துட்டா மத்த விஷயம் பாதி தானா புரிஞ்சிடும். மேல நிழல், கீழ சருகு, ஓரத்துல இருந்து காலை வெயில், தண்ணி நிக்காத சரிவு. வீட்ல நாம அந்த காட்டோரத்தத்தான் ஒரு மூலைல உண்டாக்கிக் குடுக்கணும்.

எங்க வீட்டுக்கு கிழக்கால ரெண்டு ஒசரமான ஓக் மரம் இருக்கு. அங்க காலைல இருந்து மதியம் வரைக்கும் வெயில் வரும், ரெண்டு மணிக்கு மேல வீட்டு நிழலும் ஓக் நிழலும் வந்துடும். பொளந்த மரம் இருந்த முன்பக்கம் தெக்கு பாத்த எடம், ஜூலைல சாயங்காலம் வரைக்கும் கொளுத்தும், டிரைவ்வே சிமெண்ட்டு சூடு வேற. வீட்டுக்காரர் முன்னாடியே வெக்கலாமே தெருவுல போறவங்களுக்கும் தெரியுமேன்னு சொன்னாரு, நான் ஒத்துக்கல. நீங்களும் வெக்கறதுக்கு முன்னாடி ஜூலை ஆகஸ்ட்ல ஒரு நாள் முழுக்க அந்த எடத்த மணிக்கு ஒரு தடவ பாத்து வெச்சுக்கோங்க, குளிர்காலத்துல பாத்தா நிழல் வேற மாதிரி விழும், ஏமாந்துடுவோம்.

அடுத்தது மண்ணு. இங்க பீட்மான்ட் பகுதி பூரா செவப்பு களிமண்ணு, காஞ்சா செங்கல்லு, நனஞ்சா சேறு. டாக்வுட்டுக்கு ஈரம் வேணும் ஆனா வேர் தண்ணிக்குள்ள நிக்கக்கூடாது. ஒரு அடி ஆழத்துக்கு குழி தோண்டி தண்ணி ஊத்தி வடிய விடுங்க, மறுபடி ஊத்தி மணிக்கு எவ்வளவு எறங்குதுன்னு பாருங்க, ஒரு இன்ச் எறங்கினா போதும். அடுத்த நாளும் அப்படியே நிக்குதுன்னா அந்த எடம் வேண்டாம், கூரைத் தண்ணி வந்து விழற பைப்பு வாய்க்கு நேரா இருக்கற எடமும் வேண்டாம். தோண்டறதுக்கு முன்னாடி 811க்கு போன் பண்ணுங்க, காசு கிடையாது, கேஸ் கேபிள் எல்லாம் எங்க போகுதுன்னு வந்து கலர் கலரா கோடு போட்டுட்டுப் போவாங்க.

மண்ணு டெஸ்ட்ட எல்லாரும் தட்டிக் கழிக்கறாங்க, தயவு செஞ்சு பண்ணுங்க. கவுண்டி எக்ஸ்டென்ஷன் ஆபீஸ்ல, அதாவது விவசாயம் தோட்டத்துக்கு ஆலோசனை சொல்ற உள்ளூர் ஆபீஸ்ல, சின்ன அட்டைப்பெட்டி குடுப்பாங்க, மாநில வேளாண் துறை லேப்ல ஏப்ரல்ல இருந்து நவம்பர் வரைக்கும் இலவசம், டிசம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் ஒரு சாம்பிளுக்கு 4 டாலர். டாக்வுட்டுக்கு கொஞ்சம் புளிச்ச, அதாவது அமிலத்தன்மை உள்ள மண்ணு பிடிக்கும், பிஹெச் 5.5ல இருந்து 6.5க்குள்ள. இங்க இயற்கையாவே களிமண்ணு அப்படித்தான் இருக்கும், ஆனா ஃபெஸ்க்யூ புல்லு நல்லா வரணும்னு வருஷா வருஷம் சுண்ணாம்பு தூவுவாங்க, அதனால புல்வெளி மண்ணு மாறிப்போயிருக்கும். புல்லுக்கு நல்லது பண்றேன்னு தூவற அதே சுண்ணாம்பும் அதே நைட்ரஜன் உரமும் பக்கத்துல நிக்கற டாக்வுட்டுக்கு ஆகாது. நைட்ரஜன் ஏறினா இலை தளதளன்னு வரும், பூ வராது, நோயும் அந்த இளசு இலைலதான் மொதல்ல உக்காரும். அதனால புல்லும் டாக்வுட்டும் ஒரே எடத்துல வேண்டாம்னு நான் உறுதியா சொல்லுவேன்.

கன்னு எங்க வாங்கறது? காட்டுல இருந்து புடுங்கிட்டு வராதீங்க. தப்புன்றது ஒரு பக்கம், காட்டுக் கன்னோட ஆந்த்ராக்னோஸ்னு ஒரு பூஞ்சை நோயும் சேந்து வரலாம், பரந்து கெடக்கற வேரும் பாதி அறுந்து போகும். நர்சரில நல்லா வளந்த சின்ன கன்னு வாங்குங்க. பெரிய மரமா வாங்கினா ஒடனே பூ பாக்கலாம்னு ஆசை வரும், ஆனா சின்னது சீக்கிரம் வேர் பிடிச்சு கொஞ்ச வருஷத்துல பெரிசுக்கு சமமா வந்துடும். தொட்டிய சாச்சு உருவிப் பாருங்க, வேர் சுத்திச் சுத்தி கயிறு மாதிரி இருந்தா அத விட்டுட்டு வேற எடுங்க. நாங்க ரெண்டு வாங்கினோம். ஒண்ணு நார்த் கரோலினா பொட்டானிகல் கார்டன்ல விக்கற, விதைல இருந்து வளத்த சாதாரண வெள்ளை. இன்னொண்ணு செரோக்கி பிரேவ்னு ஒரு ரகம், பூ ஓரம் ரோஸா இருந்து நடுவுல வெளுத்துப் போகும். ரெண்டு வெச்சதுக்கு காரணம் இருக்கு, இந்த மரம் தன்னோட மகரந்தத்துல தானே காய்க்காது, பக்கத்துல மரபு வேற ஒரு டாக்வுட் இருக்கணும். அக்கம்பக்கத்துல இருந்தா ஒண்ணே போதும், பழம் பறவைங்களுக்கு வேணும்னு நெனச்சதால நாங்க ரெண்டா வெச்சோம்.

நவம்பர்ல வெச்சோம். இலை விழுந்த பிறகு மண்ணுல இன்னும் சூடு இருக்கும், மேல வேலை இல்லாததால மரம் வேர் விட ஆரம்பிக்கும், இந்த ஊருக்கு தொட்டிக் கன்னு வெக்க நல்ல காலம் அதுதான். வடக்க ரொம்ப குளிர்ற மாநிலத்துல இருக்கறவங்க வசந்த காலத் தொடக்கத்துல வெக்கறது பாதுகாப்பு. குழிய ஆழமா தோண்டாதீங்க, அகலமா தோண்டுங்க, வேர்ப்பந்துக்கு ரெண்டு மூணு மடங்கு அகலம். ஆழம் வேர்ப்பந்து ஒசரத்த விட ஒரு ரெண்டு இன்ச் கம்மியா இருக்கட்டும், களிமண்ணுல கன்னு மேடு தட்டி கொஞ்சம் தூக்கி நிக்கறதுதான் நல்லது. அடிமரம் கீழ வந்து விரிஞ்சு வேரா பிரியுமே, அந்த எடம் கண்ணுக்கு தெரியணும். பல நர்சரித் தொட்டில அதுக்கு மேலயே ரெண்டு இன்ச் மண்ணு போட்டிருப்பாங்க, கையால வழிச்சு எடுத்துட்டு அப்புறம் வையுங்க. தோண்டின அதே மண்ணத்தான் திரும்பப் போடணும், குழிக்குள்ள மட்டும் பை பையா கம்போஸ்ட் போட்டா சுத்தி இருக்கற களிமண்ணுக்கு நடுவுல அது தண்ணி தேங்கற தொட்டி ஆகிடும். குழிக்குள்ள உரம் வேண்டாம், குச்சி நட்டு கட்ட வேண்டாம்.

அதுக்கு மேல பைன் ஸ்ட்ரா, இந்த ஊர்ல மூட்டையா விக்கற பைன் ஊசி இலை. ஒரு மூணு இன்ச் கனத்துக்கு எவ்வளவு அகலமா முடியுமோ அவ்வளவு அகலமா பரப்பினோம், அடிமரத்த தொடாம ஒரு கையளவு விட்டு. அடிமரத்தச் சுத்தி எரிமலை மாதிரி மல்ச், அதாவது இந்த மாதிரி மண்ண மூடற மூடாக்கு, குவிச்சு வெப்பாங்களே, அதப் பாத்தா எடுத்து விட்டுடுங்க, பட்டை ஈரத்துலயே இருந்து அழுகும், எலி வந்து உள்ள உக்காந்துக்கும்.

இந்த மல்ச் வட்டம் அழகுக்கு இல்லைங்க, மரத்தோட உயிரே அதுலதான் இருக்கு. எங்க தெருவுல ஒரு பெரியம்மா இருக்காங்க, எண்பது வயசுக்கு மேல, அந்த வீட்லயே பல காலமா இருக்கறவங்க. அவங்க வீட்டு முன்னாடி புல்லு நடுவுல பழைய டாக்வுட் ஒண்ணு. புல்லு வெட்ட வர்றவங்க மரத்தோரம் இருக்கற புல்ல வீட் ஈட்டர்னு நைலான் கயிறு சுத்தற கை மெஷின் வெச்சு அடிப்பாங்க, அந்த கயிறு ஒவ்வொரு தடவையும் அடிப்பட்டைய உரசும். டாக்வுட் பட்டை மெல்லிசு. அந்த காயத்துலதான் டாக்வுட் போரர்னு ஒரு பூச்சி முட்டை வெக்குது, பாக்க குளவி மாதிரி இருக்கும் ஆனா அந்துப்பூச்சி இனம், ரெக்கை கண்ணாடி மாதிரி, மே மாசத்துல இருந்து பறக்கும். புழு பட்டைக்கு அடியில போய் சத்து ஓடற அந்த பச்சை அடுக்க சுத்திச் சுத்தித் திங்குது. ஒரு வருஷம் ஆகஸ்ட்லயே அவங்க மரத்துல ஒரு கிளை மட்டும் செவந்து போச்சு, எல்லாரும் ஆகா கலர் மாறுதுன்னு சொன்னாங்க, பெரியம்மா மட்டும் "இது நல்லதுக்கு இல்ல"ன்னாங்க. அடியில போய் பாத்தா பட்டை வீங்கி பிரிஞ்சு, காப்பித்தூள் மாதிரி பழுப்பா துகள் கொட்டிக் கெடந்துச்சு. மத்த கிளை பச்சையா இருக்கும்போது ஒரு கிளை மட்டும் முன்னாடியே செவந்தா அடிமரத்த உக்காந்து பாருங்க. அந்த மரம் அதுக்கப்புறம் ரொம்ப நாள் நிக்கல.

மருந்து அடிச்சு போரர தடுக்கலாம்தான், ஆனா காயமே இல்லாத, தாகமா இல்லாத மரத்துல அது வர்றது ரொம்ப கம்மி. மெஷின் கிட்ட வராத அளவுக்கு மல்ச் வட்டம் இருந்தா போதும். புல்லு வெட்ட ஆள் வெச்சிருக்கறவங்க மரத்துகிட்ட வீட் ஈட்டர் வேண்டாம்னு வாயால சொல்லுங்க, ஆள் மாறினா திரும்பவும் சொல்லுங்க. கீழ் கிளைகள வெட்டாம விட்டாலும் நல்லது, மெஷின் உள்ள நுழையாது, மெல்லிசான பட்டை மேல நேரா வெயிலும் படாது.

தண்ணி விஷயத்துக்கு வர்றேன். மொத ரெண்டு கோடைதான் கண்டம். வாரத்துக்கு ஒரு இன்ச் மழை பெய்யுதான்னு பாக்கணும், பெய்யலன்னா ஹோஸ் பைப்ப அடியில போட்டு மெதுவா விட்டு மண்ணு ஒரு அரை அடிக்கு மேல நனையற வரைக்கும் ஊறவிடணும். தினமும் கொஞ்சம் கொஞ்சம் தெளிக்கறதுல பிரயோசனம் இல்ல. இலை படகு மாதிரி உள்ள மடிஞ்சு தொங்கினா தாகம், இலை ஓரம் பழுப்பா கருகினா ரொம்ப தாகம். ஆனா ஸ்பிரிங்ளர் தண்ணி இலை மேல படக்கூடாது, இந்த மரத்தோட பூஞ்சை நோய் முக்காவாசிக்கு நனஞ்ச இலைதான் வாசல். மரம் பெருசான பிறகும் மழை இல்லாத ஆகஸ்ட்ல தண்ணி குடுங்க, வேர் மேலோட்டமா இருக்கறதால மண்ணு காஞ்சா மரத்துல ஒடனே தெரியும். இன்னொரு முக்கியமான காரணமும் இருக்கு, அடுத்த ஏப்ரல் பூவுக்கு மொட்டு கட்டறது இந்த கோடையிலதான்.

அந்த மொட்டு பத்தி கொஞ்சம் சொல்லணும், எனக்கு இந்த மரத்துல ரொம்ப பிடிச்சது அதுதான். அக்டோபர்ல இலை செவந்து கொட்டினதும் கிளை நுனிய பாருங்க. கூரா இருந்தா இலை மொட்டு, சின்ன வெங்காயம் மாதிரி உருண்டு நுனி கூம்பி இருந்தா பூ மொட்டு. குளிர்காலம் பூரா அப்படியே நிக்கும். அத மூடியிருக்கற நாலு செதில்தான் மார்ச்ல வளந்து பெருசாகி வெளுத்து, நாம பூன்னு சொல்ற அந்த நாலு வெள்ளை இதழ் ஆகுது. ஒவ்வொரு இதழ் நுனியிலயும் கிள்ளி எடுத்த மாதிரி பழுப்பா ஒரு பள்ளம் இருக்கும் பாருங்க, செதிலோட பழைய நுனி வளராம அங்கயே நின்ன எடம் அது. நெஜப் பூ நடுவுல இருக்கற பச்சை மஞ்சக் கொத்து, ஒவ்வொண்ணும் பொடிப் பொடியா. அத்தை சென்னிமலைல இருந்து வந்திருந்தப்ப தான் இது பூத்துச்சு, கிட்ட போய் விரல் வெச்சு பாத்துட்டு "ஏன் கண்ணு, இது நம்மூரு காகிதப்பூவாட்டம்ல இருக்குது, கலரெல்லாம் இலைல, பூவு உள்ளார"ன்னாங்க. ஒரே பார்வைல புடிச்சிட்டாங்க.

ஏன் எங்க மரம் பூக்கல பூக்கலன்னு கேக்கறவங்களுக்கும் பதில் இந்த மொட்டுலயே இருக்கு. செப்டம்பர்ல இருந்து பிப்ரவரிக்குள்ள கத்தரி வெச்சா அடுத்த பூவ வெட்டி எறியறீங்க. கண்டிப்பா வெட்டணும்னா பூ முடிஞ்ச ஒடனே வெட்டுங்க, அதுவும் காஞ்சது, ஒண்ணோட ஒண்ணு உரசறது மட்டும். மரம் தானாவே அடுக்கடுக்கா படர்ற அழகு, அத உருண்டையா வெட்டினா எதுக்கு டாக்வுட் வெக்கணும்? ரொம்ப நிழல், புல்லு உரம், மொட்டு கட்டற கோடைல வறட்சி, சின்ன வயசு, பூக்காததுக்கு காரணம் அனேகமா இதுல ஒண்ணா இருக்கும். விதைக் கன்னு பூக்க சில வருஷம் எடுக்கும், பொறுமை வேணும். ஏப்ரல்ல பூத்து நிக்கும்போது திடீர்னு ஒரு வாரம் குளிரும், இங்கத்த பழைய ஆளுங்க அதுக்கு டாக்வுட் வின்டர்னே பேரு வெச்சிருக்காங்க, தக்காளி நாத்த அது முடியற வரைக்கும் வெளிய வெக்காதீங்க.

இப்ப நோய். பயமுறுத்தறதுல பெரிசு ஆந்த்ராக்னோஸ், டிஸ்குலா டெஸ்ட்ரக்டிவான்ற பூஞ்சை. நாட்டோட கிழக்குப் பக்கத்துல 1970கள் கடைசில நியூயார்க், கனெக்டிகட்ல மொதல்ல கண்டுபிடிச்சாங்க, அங்க இருந்து அப்பலாச்சியன் மலை வழியா தெக்க எறங்கி காட்டு டாக்வுட்ட கொத்து கொத்தா கொன்னுச்சு. மேரிலாண்ட்ல கேம்ப் டேவிட் இருக்கற கட்டாக்டின் மலைக் காட்டுல கிட்டத்தட்ட எல்லாமே போச்சு. அங்க தப்பிச்சு நின்ன ஒரு மரத்துல இருந்துதான் டென்னசி பல்கலைக்கழகத்துக்காரங்க அப்பலாச்சியன் ஸ்பிரிங்னு எதிர்ப்பு சக்தி உள்ள ரகத்த எடுத்தாங்க. ஒரு காடே அழிஞ்ச எடத்துல போய் உயிரோட நின்ன ஒண்ண தேடி அத பெருக்கினாங்களே, நெனச்சா எனக்கு அவங்க மேல பெரிய மரியாதை. அந்த நோய்க்கு குளிர்ச்சி, ஈரம், நிழல் மூணும் வேணும், அதனால ஆஷ்வில் பக்கம் மலைல ஒசரத்துல இருக்கறவங்க கண்டிப்பா அந்த ரகத்தையே வையுங்க. ராலே, டர்ஹம், ஷார்லட் மாதிரி சூடான எடத்துல காலை வெயிலும் காத்தோட்டமும் உள்ள மரத்துக்கு அது அவ்வளவு தொந்தரவு குடுக்கறதில்ல. கீழ் கிளை மொதல்ல காஞ்சு, அடிமரத்துல இருந்து கொத்து கொத்தா தளிர் வெடிச்சா சந்தேகப்படுங்க, இலைய எடுத்துட்டு எக்ஸ்டென்ஷன் ஆபீஸ்ல காட்டுங்க.

நம்ம பக்கம் வழக்கமா வர்றது பவுடரி மில்டியூ, ஜூன்ல இலை மேல மாவு பூசின மாதிரி வெள்ளையா வந்து இலை சுருண்டு செம்பழுப்பாகும். எங்க ரெண்டு மரத்துலயும் வித்தியாசம் பளிச்சுன்னு தெரிஞ்சுது, விதைக் கன்னு ஒரு ஈரமான ஜூன்ல முழுக்க வெளுத்துப் போச்சு, பத்தடி தள்ளி நிக்கற செரோக்கி பிரேவ்ல கொஞ்சமாத்தான் இருந்துச்சு. மருந்து எதுவும் அடிக்கல, தண்ணிய மட்டும் விடாம குடுத்தோம், அடுத்த வருஷம் ரெண்டும் தளுக்கா வந்துச்சு. வளந்த மரத்துக்கு அது பாக்கறதுக்குத்தான் அசிங்கம், உயிருக்கு ஒண்ணும் ஆகாது. சின்ன கன்னுக்குத்தான் வளர்ச்சி நிக்கும், அதனால ஒண்ணுதான் வெக்கப் போறீங்கன்னா எதிர்ப்பு உள்ள ரகமா பாத்துக்கோங்க, ஜீன்ஸ் அப்பலாச்சியன் ஸ்னோ, கேஸ் அப்பலாச்சியன் மிஸ்ட் ரெண்டும் வெள்ளை, அதுக்குன்னே டென்னசில எடுத்த ரகங்க. பூ இதழ்ல ஊதாப் புள்ளி புள்ளியா வர்றது ஸ்பாட் ஆந்த்ராக்னோஸ், மழையான ஏப்ரல்ல வரும் போகும், அத விட்டுடுங்க. நல்லா இருக்கற வருஷம் விழுந்த இலைய அடியிலயே விடுங்க, டாக்வுட் இலைல கால்சியம் அதிகம், சீக்கிரம் மக்கி மேல் மண்ணுக்கு அத திருப்பிக் குடுக்கும், காட்டுல நத்தையில இருந்து மண்புழு வரைக்கும் அத நம்பித்தான் இருக்கு. நோய் ஜாஸ்தியா இருந்த வருஷம் மட்டும் கூட்டி அள்ளிடுங்க.

2024 மே மாசத்துல நாங்க எதிர்பாக்காத ஒரு வேலை வந்துச்சு. 13 வருஷத்துக்கு ஒரு தடவ மண்ணுக்குள்ள இருந்து கிளம்பற சிக்காடா, அதாவது சில்வண்டுக் கூட்டம், ப்ரூட் 19னு பேரு. காது கிழியற சத்தம். பொண்ணுக்கு திருவிழா மாதிரி, எனக்கு கன்னுங்கள நெனச்சு கவலை, ஏன்னா பெட்டைப் பூச்சி பென்சில் கனத்து கிளையா பாத்து கீறி அதுல முட்டை வெக்கும், வளந்த மரத்துல நுனி கருகறதோட போயிடும், சின்ன கன்னுக்கு கிளையே மிஞ்சாது. கால் இன்ச்சுக்கு மேல போகாத கண்ணு உள்ள வலைய வாங்கி ரெண்டு மரத்தையும் போத்தி அடியில கட்டிட்டோம், சத்தம் அடங்கினதும் எடுத்தோம். மருந்து அடிக்காதீங்க, அவ்வளவு பூச்சிக்கு அது ஒண்ணும் பண்ணாது, அத திங்கற பறவைக்குத்தான் கெடுதல். அந்த கூட்டம் அடுத்து 2037ல வரும். மான் வருஷம் பூரா வரும், தளிர திங்கும், இலையுதிர் காலத்துல கடா மான் கொம்ப அடிமரத்துல தேச்சு பட்டைய உரிக்கும். நாலு கம்பி நட்டு அஞ்சடி ஒசரத்துக்கு வலைக்கூண்டு போட்டு வெச்சிருக்கோம்.

சில பேரு கேக்கறாங்க, இவ்வளவு எதுக்கு, நோயே வராத கூசா டாக்வுட் வெச்சா போதுமேன்னு. அது கிழக்காசிய மரம், நல்ல மரம்தான், இலை வந்த பிறகு மே ஜூன்ல பூக்கும், இதழ் நுனி கூரா இருக்கும். ஆனா எனக்கு வேண்டியது அது இல்ல. இந்த மண்ணு டாக்வுட்டோட செவந்த பழத்துல கொழுப்பு நெறைய, குளிர்காலத்துக்கு முன்னாடி ராபின், புளூபேர்ட், மாக்கிங்பேர்ட், சீடர் வாக்ஸ்விங் எல்லாம் அத நம்பித்தான் வருது. ஸ்பிரிங் அஷூர்னு ஒரு சின்ன நீல வண்ணத்துப்பூச்சி, அதோட புழு டாக்வுட் மொட்ட தின்னு வளரும். கூசா பழம் பெருசு, ராஸ்பெரி மாதிரி, இங்கத்த பறவைங்க அத அவ்வளவா சீண்டறதில்ல. மொத தடவை எங்க விதை மரம் காய்ச்சப்ப ஒரு கொத்து பழத்த நான் அத்தைகிட்ட வீடியோ கால்ல காட்டினேன், "திங்கலாமா"ன்னு கேட்டாங்க, கசக்கும், மனுஷங்களுக்கு ஆகாதுன்னேன், "சரி அதுகளே திங்கட்டும் அம்மணி"ன்னாங்க.

அத்தைக்கு இந்த மரத்து மேல தனிப் பிரியம் வந்ததுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. டாக்வுட் கட்டை ரொம்ப கெட்டி, நெருக்கமான இழை, உரச உரச சிலும்பாம வழவழன்னு ஆகும். அதனால ஒரு காலத்துல அமெரிக்க நூல் மில்லு தறிக்கெல்லாம் நூல குறுக்க கொண்டு போற ஓடம், அந்த நாடா, செஞ்சது இந்தக் கட்டைலயும் பெர்சிமன் கட்டைலயும்தான். மாமனார் காலத்துல சென்னிமலை வீட்ல கைத்தறி ஓடின சத்தத்துலயே வாழ்ந்தவங்க அவங்க, இத சொன்னதும் மரத்துகிட்ட போய் பட்டைய தடவிட்டு கொஞ்ச நேரம் நின்னாங்க. தாவரக் குடும்பம் பாத்தாலும் ஒரு ஒறவு இருக்கு, நம்ம ஊர் காட்டுல நிக்கற அழிஞ்சில் மரமும் இதே கார்னேசி குடும்பம்தான்.

அடியில என்ன வெக்கலாம்னு கேட்டா, வேர் மேலோட்டமா இருக்கறதால அடிக்கடி தோண்டற எதையும் வெக்காதீங்க, வருஷா வருஷம் மாத்தற பூச்செடி வேண்டாம். கிறிஸ்மஸ் ஃபெர்ன், ஃபோம்ஃபிளவர் மாதிரி நிழல் தாங்கற இந்த ஊர் செடிய, மரம் வெக்கும்போதே வட்டத்தோட ஓரத்துல சின்னதா வெச்சுட்டு அப்படியே விட்டுடுங்க. எச்ஓஏ, அதாவது குடியிருப்புக்கு விதி போடற வீட்டுக்காரங்க சங்கம், இருக்கற எடத்துல புல்ல எடுத்துட்டு பெரிய மல்ச் வட்டம் போட முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கோங்க, மரத்தோட முழு அகலம் 20 அடிக்கு மேல போகும்னு படத்துலயே வரைஞ்சு காட்டிட்டா பின்னால பேச்சு வராது.

விதை கேட்டிருந்தவங்களுக்கு, இந்த அக்டோபர்ல பறவைங்க விட்டு வெச்சத கொஞ்சம் பறிச்சு தர்றேன். சதைய கழுவி எடுத்துட்டு ஒடனே தொட்டி மண்ணுல அரை இன்ச் ஆழத்துல போட்டு வெளியவே வெச்சுடுங்க, மேல கம்பி வலை மூடணும், இல்லன்னா அணில் தோண்டிடும். குளிர்காலக் குளிர் பட்டாத்தான் மொளைக்கும், வீட்டுக்குள்ள வெச்சா வராது, வெளிய வெக்க எடம் இல்லன்னா ஈர மணல்ல கலந்து ஃப்ரிட்ஜ்ல மூணு நாலு மாசம் வெச்சுட்டு மார்ச்ல போடுங்க. செரோக்கி பிரேவ் மரத்து விதையும் இருக்கும், ஆனா அதுல இருந்து வர்ற கன்னு அதே ரோஸ் கலர்ல வரும்னு எதிர்பாக்காதீங்க, அந்த கலரே வேணும்னா ஒட்டுக்கன்னுதான் வாங்கணும்.